தவறான விடைக்குப் பிறகு: கணக்குச் செயலியும் கணக்கு ஆசிரியரும், ஓர் ஒப்பீட்டு மதிப்புரை

எண்கணிதம் கற்பிப்பதற்கென்று உருவாக்கப்பட்ட கணினிச் செயலிகளையும், ஆசிரியர் நேரில் நடத்தும் கணக்கு வகுப்புகளையும் அருகருகே வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், எளிய பின்னங்கள் ஆகியவற்றைக் கற்கும் கட்டத்தை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன்; இயற்கணிதமும் வடிவியலும் இதில் வரவில்லை. செயலிகளின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். அவை அடிக்கடி புதுப்பிக்கப்படுவதால், ஒரு பெயருக்கு இன்று தரும் மதிப்பெண் அடுத்த பதிப்புக்குப் பொருந்தாமல் போய்விடும். ஆனால் செயலிகள் கட்டப்படும் முறையில் உள்ள வேறுபாடுகள் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. பெற்றோரும் பள்ளிகளும் தேர்வு செய்யும் நேரத்தில் அந்த வேறுபாடுகளைப் பற்றிய தெளிவே உதவும்.

மதிப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். படங்களின் அழகு, பாடங்களின் எண்ணிக்கை, ஆசிரியர் பெற்ற பட்டங்கள், விளம்பரத்தில் சொல்லப்படும் தேர்ச்சி விழுக்காடு ஆகிய எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன்: குழந்தை ஒரு தவறான விடையை எழுதிய பிறகு என்ன நடக்கிறது? சரியாக எழுதும் குழந்தைக்குச் செயலியும் ஆசிரியரும் ஏறத்தாழ ஒரே சேவையைத்தான் செய்கிறார்கள். பாராட்டிவிட்டு அடுத்த கணக்கைக் கொடுக்கிறார்கள். குழந்தை தவறும் இடத்தில் இரு முறைகளும் பிரிகின்றன. நல்ல செயலியையும் நல்ல ஆசிரியரையும் மற்றவற்றிலிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் பிரித்துக் காட்டுவதும் அதே இடம்தான்.

இயந்திரத்தைக் கொண்டு கணக்குக் கற்பிக்கும் எண்ணம் வலுப்பெற்றதும் இந்தக் கேள்வியை ஒட்டித்தான். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1953-இல் தம் மகளின் கணக்கு வகுப்பில் உட்கார்ந்து பார்த்தபோது இரண்டு குறைகள் அவர் கண்ணில் பட்டன. தாம் போட்ட கணக்கு சரியா தவறா என்று தெரிந்துகொள்ளக் குழந்தைகள் காத்திருக்க வேண்டியிருந்தது. விரைந்து முடிப்பவர்களும் தடுமாறுபவர்களும் ஒரே வேகத்தில் நகர வேண்டியிருந்தது. இவ்விரண்டையும் தீர்க்கும் நோக்கத்தோடு அவர் கற்பிக்கும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். 1960-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் சப்பஸும் அவருடைய குழுவினரும், தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியோடு இணைக்கப்பட்ட தட்டச்சு முனையங்களில் குழந்தைகளுக்கு எண்கணிதப் பயிற்சி அளித்தார்கள். அதன்பின் திரைகள் வண்ணமயமாகிவிட்டன, குரல் வந்துவிட்டது, தொடுதிரை வந்துவிட்டது. இருந்தாலும் இன்றைய செயலிகளில் பெரும்பாலானவை உறுதியாகத் தரும் நன்மைகள் அன்றைய அதே இரண்டுதான்: முடிவு உடனே தெரிவதும், அவரவர் வேகத்தில் செல்ல முடிவதும்.

இவற்றைச் சிறிய நன்மைகள் என்று நான் கருதவில்லை. வீட்டுப்பாட நோட்டை ஆசிரியர் திருத்தித் தருவதற்குள், முறையைத் தவறாகப் புரிந்துகொண்ட குழந்தை அதே தவற்றைப் பக்கம் பக்கமாகச் செய்து பழகியிருக்கும். பழகிய தவற்றைக் கலைப்பது, புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினமான வேலை. முதல் கணக்கிலேயே நிறுத்தி, "இது சரியில்லை, மறுபடியும் பார்" என்று சொல்லும் வசதி ஒரு செயலியிடம் இருக்கிறது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஓர் ஆசிரியர் எவ்வளவு முயன்றாலும் அதை ஒவ்வொரு குழந்தைக்கும் செய்ய முடியாது.

செயலிகளுக்கு நான் தயக்கமின்றி உயர்ந்த மதிப்பெண் தருவது வாய்பாட்டுப் பயிற்சிக்கு. 1 முதல் 10 வரையிலான வாய்பாட்டில் மொத்தம் 100 பெருக்கல்கள் இருக்கின்றன. 3 × 7 என்பதும் 7 × 3 என்பதும் ஒன்றே என்று தெரிந்துகொண்ட குழந்தைக்கு அவை 55 ஆகக் குறைகின்றன. ஒன்றாலும் பத்தாலும் பெருக்குவதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பதால் அவற்றையும் நீக்கினால் எஞ்சுவது 36. ஒரு குறிப்பிட்ட குழந்தை இந்த 36-இல் எவற்றில் உண்மையாகத் தடுமாறுகிறது என்பதைக் கண்டறியச் செயலியைப் போன்ற கருவி வேறில்லை. விடை சரியாக வந்தாலும், அது நினைவிலிருந்து வந்ததா, விரல்விட்டு எண்ணி வந்ததா என்பதை எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டே அது ஓரளவு ஊகித்துவிடுகிறது. தெரிந்தவற்றை ஒதுக்கிவைத்து, 7 × 8, 6 × 9 போன்ற பிடிவாதமான சிலவற்றை இன்று, நாளை, சில நாள் கழித்து என்று இடைவெளிகளைக் கூட்டிக்கொண்டே மறுபடி கேட்கிறது. இடைவெளி விட்டுத் திரும்ப நினைவுகூர்வது நினைவை வலுப்படுத்தும் என்பதை உளவியல் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பலமுறை உறுதிசெய்திருக்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி அட்டவணை வைத்து இதை நடத்துவது எந்த ஆசிரியருக்கும் இயலாத செயல்.

ஆனால் 100-ஐ 36 ஆக்கிக் காட்டும் அந்தச் சிறிய சிந்தனை செயலியிடமிருந்து வந்து நான் பார்க்கவில்லை. ஏழு வரிசையில் மூன்று புள்ளிகள் வைத்து, தாளை ஒரு கால்வட்டம் திருப்பி, "இப்போது எத்தனை வரிசை? புள்ளிகள் கூடினவா, குறைந்தனவா?" என்று ஓர் ஆசிரியர் கேட்கும்போதுதான் பெருக்கல் இடம் மாறினாலும் விடை மாறாது என்பது குழந்தைக்குத் தன் கண்டுபிடிப்பாகிறது. அதன்பின் பயிற்சியை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். வரிசை தலைகீழாகி, புரிவதற்கு முன்பே பயிற்சி வந்துவிட்டால், குழந்தை நூறு தனித்தனிச் செய்திகளைச் சுமந்துகொண்டு நடக்கிறது.

வாய்பாட்டுச் செயலிகளைப் பற்றி ஒரு குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரையின் மூலையில் ஓடும் கடிகாரமும், தோழர்களோடு போட்டியிட வைக்கும் தரவரிசைப் பட்டியலும் பல செயலிகளில் அணைக்க முடியாதபடி அமைந்திருக்கின்றன. விடை நினைவில் உறுதியாகப் படிந்த குழந்தைக்கு அது விளையாட்டு. இன்னும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அது அச்சம். அச்சத்தில் அந்தக் குழந்தை எண்ணுவதை விட்டுவிட்டு ஊகிக்கத் தொடங்குகிறது. நேரத்தை அளப்பது செயலிக்குத் தேவையாக இருக்கலாம்; அளப்பதைக் குழந்தையின் கண்முன் காட்ட வேண்டிய தேவை எதுவும் இல்லை. கடிகாரத்தை மறைக்க இயலாத செயலியைத் தடுமாறும் குழந்தைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனிக் கழித்தலுக்கு வருகிறேன். இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகுதியாகக் கற்றுத்தந்த பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. 403 − 158 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். சரியான விடை 245. மூன்று குழந்தைகள் 355, 345, 255 என்று மூன்று தவறான விடைகளை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 355 என்று எழுதிய குழந்தை ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறது. எட்டிலிருந்து மூன்று போக ஐந்து, ஐந்திலிருந்து பூச்சியம் போக ஐந்து, நான்கிலிருந்து ஒன்று போக மூன்று. மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதை எடுக்க வேண்டும் என்பதே அதற்குத் தெரியவில்லை, அல்லது எடுக்க முடியாதபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. 345 என்று எழுதிய குழந்தைக்குக் கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது. பூச்சியத்தை ஒன்பதாக்கியும் விட்டது. ஆனால் அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்பதை மறந்து, நூறின் இடத்தில் இருந்த நான்கை மூன்றாகக் குறைக்காமல் விட்டுவிட்டது. 255 என்று எழுதிய குழந்தை பூச்சியத்தைத் தாண்டிக் குதித்து நான்கிடமே நேராகக் கடன் வாங்கி ஒன்றின் இடத்துக்குப் பத்தைக் கொண்டுவந்தது; பிறகு பத்தின் இடத்தில் பூச்சியத்திலிருந்து ஐந்தை எடுக்க வழியில்லாமல் ஐந்தையே எழுதிவைத்தது.

மூன்றும் கவனக்குறைவால் வந்த பிழைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விதி இருக்கிறது. அந்த விதி தவறானது, ஆனால் குழந்தை அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்டு பர்ட்டனும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், கழித்தலில் குழந்தைகள் செய்யும் தவறுகளில் பல இப்படிப்பட்ட உறுதியான தவறான விதிகளிலிருந்து பிறப்பவை என்பதைக் காட்டி, விடைகளைக் கொண்டே அந்த விதியைக் கண்டறியும் கணினி நிரலையும் உருவாக்கினார்கள். அதாவது, எந்தத் தவறு எந்தப் புரிதலிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கக் கணினியால் முடியும் என்பது ஏறத்தாழ அரை நூற்றாண்டாகவே தெரிந்த செய்தி. அப்படியிருக்க, இன்று குழந்தைகளின் கைகளில் இருக்கும் செயலிகள் பலவும் இந்த மூன்று விடைகளுக்கும் ஒரே சிவப்புக் குறியைக் காட்டி, ஒரே விளக்கக் காணொளியை ஓட்டி, எண்களை மட்டும் மாற்றிய இன்னொரு கணக்கைத் தருவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 345 எழுதிய குழந்தைக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு கேள்வி: "அந்த ஒன்பது பத்துகள் யாரிடமிருந்து வந்தன?" அந்தக் கேள்வி கிடைக்காமல், கடன் வாங்குவது என்றால் என்ன என்று தொடக்கத்திலிருந்து சொல்லும் நீண்ட காணொளி கிடைக்கிறது. தனக்கு முன்பே தெரிந்ததைக் கேட்டுச் சலித்த குழந்தை, தெரியாத அந்த ஒரு வரி வரும்போது கவனம் சிதறி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறது.

செயலிகளுக்குள்ளேயே இரண்டு வகைகள் உண்டு என்பதை வாங்குபவர்கள் அறிந்திருப்பது நல்லது. முதல் வகை விடையை மட்டும் கேட்கிறது. இரண்டாம் வகை ஒவ்வொரு படியையும் எழுதச் சொல்லி, படி பிசகும் இடத்திலேயே நிறுத்திக் குறிப்பு கொடுக்கிறது. இவற்றின் பயன் ஒன்றல்ல. கர்ட் வான்லேன் 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, கற்பிப்போர் துணையே இல்லாத நிலையோடு ஒப்பிட, ஓர் ஆசிரியர் ஒரு மாணவருக்குத் தனியாகக் கற்பிப்பதன் பயன் 0.79 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதை அளக்கும் அலகு; எண் பெரிதானால் பயனும் பெரிது) என்றும், படிகளைக் கவனிக்கும் கணினி முறையின் பயன் 0.76 என்றும், விடையை மட்டும் கவனிக்கும் கணினி முறையின் பயன் 0.31 என்றும் கண்டார். அந்தத் தொகுப்பு எண்கணிதத்துக்கு மட்டும் உரியதன்று. பல பாடங்களையும் பல வயதினரையும் உள்ளடக்கியது. ஆயினும் அதிலிருந்து விளங்கும் செய்தி நம் ஒப்பீட்டுக்கு நேராகப் பொருந்துகிறது. குழந்தை நடந்துவந்த பாதையைப் பார்க்கும் இயந்திரம் நல்ல ஆசிரியருக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. முடிவை மட்டும் பார்க்கும் இயந்திரம் வெகுதொலைவில் நின்றுவிடுகிறது. சந்தையில் மலிவாகவும் இலவசமாகவும் கிடைப்பவற்றில் நான் பார்த்தவை பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை என்பதுதான் சிக்கல்.

முடிவை மட்டும் பார்த்துத் தேர்ச்சி வழங்குவதன் ஆபத்தை இதுவரை யாரும் விளக்கியதில் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, ஸ்டான்லி எர்ல்வாங்கர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுதான் என்பது என் எண்ணம். அதில் வரும் 12 வயதுச் சிறுவனுக்குப் பென்னி என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது. அவன் கற்றது கணினியில் அன்று. ஆனால் அவரவர் வேகத்தில் தாளை எடுத்து, விடையெழுதி, விடைக்குறிப்போடு ஒப்பிட்டுத் திருத்தி, தேர்வில் தேறினால் அடுத்த அலகுக்குச் செல்லும் அந்த முறை இன்றைய செயலிகளின் உள்ளமைப்புக்கு அப்படியே முன்னோடி. பென்னி வகுப்பில் நன்றாகப் படிக்கும் மாணவர்களில் ஒருவனாகக் கருதப்பட்டான். அலகு அலகாகத் தேறிக்கொண்டிருந்தான். அவனோடு உட்கார்ந்து பேசியபோதுதான், 4/11 என்ற பின்னத்தைத் தசமமாக்கினால் 1.5 என்றும், 11/4 என்பதும் அதே 1.5 என்றும் அவன் நம்புவது தெரியவந்தது. மேலேயும் கீழேயும் இருப்பதைக் கூட்டி நடுவில் ஒரு புள்ளி வைத்துவிடுவதே அவன் கண்ட முறை. விடைக்குறிப்பில் வேறு விடை இருந்தால், தன் விடையும் சரிதான், அது வேறு வடிவத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று அவன் எண்ணிக்கொண்டான். கணக்கு என்பது யாரோ வகுத்துவைத்த விதிகளின் தொகுப்பு, விடைக்குறிப்பில் உள்ள வடிவத்தை எப்படியாவது எட்டிப்பிடிப்பதே தன் வேலை என்ற முடிவுக்கு அவன் வந்திருந்தான். தேர்ச்சி அட்டவணையைப் பார்த்த யாருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு மனிதர் "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேட்டதால் மட்டுமே வெளியே வந்தது.

இன்றைய செயலிகளில் இதே நிகழ்வு வேறு வடிவங்களில் நடப்பதைக் கவனித்திருக்கிறேன். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடத்தில், குழந்தை ஒன்றின் இடத்து இலக்கத்தை மட்டும் கணக்கிட்டுவிட்டுப் பொருந்தும் விடையைத் தொடுகிறது. குறிப்பு கேட்கும் பொத்தான் இருந்தால், கடைசிக் குறிப்பில் விடையே வந்துவிடும் என்பதைக் கண்டுகொண்டு, படிக்காமலேயே அதை அழுத்திக்கொண்டு போகிறது. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் திரை ஏற்கெனவே கட்டங்கள் வரைந்து கொடுத்துவிடுவதால், தாளில் எழுதும்போது ஒன்றின் கீழ் ஒன்றை, பத்தின் கீழ் பத்தை நிறுத்தத் தெரியாமல் நிற்கிறது. நெடுவகுத்தலில் இது இன்னும் வெளிப்படை. ஈவை எந்த இடத்துக்கு மேலே எழுத வேண்டும் என்ற முடிவை எப்போதும் திரையே எடுத்துவந்திருப்பதால், 612-ஐ 6-ஆல் வகுத்து 12 என்று எழுதும் குழந்தைக்கு நடுவில் ஒரு பூச்சியம் விடுபட்டது கண்ணில் படுவதில்லை. திரையில் சரியாகச் செய்யும் குழந்தை தாளிலும் செய்யும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தாளிலும் போட வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஆசிரியர் நடத்தும் வகுப்பு இந்த இடத்தில் எப்படி இருக்கிறது? நல்ல வகுப்பாக இருந்தால், ஒப்பிடவே முடியாத அளவுக்கு உயர்ந்து நிற்கிறது. நான் உட்கார்ந்து கவனித்த ஒரு வகுப்பில், 403-ஐப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டுகளாலும், பத்துக் கட்டுகளைச் சேர்த்த பெரிய கட்டுகளாலும் ஆசிரியர் மேசைமேல் அடுக்கினார். எட்டுக் குச்சிகள் எடுக்க வேண்டும், உதிரியாக மூன்றுதான் இருக்கின்றன, பிரிப்பதற்குப் பத்துக் கட்டும் ஒன்றுகூட இல்லை. குழந்தைகள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரிய கட்டைத்தான் பிரிக்க வேண்டும் என்று தாங்களாகவே சொன்னார்கள். பிரித்ததும் பத்துச் சிறு கட்டுகள் வந்தன. அவற்றில் ஒன்றைப் பிரித்ததும் ஒன்பது மிஞ்சியது. அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது, நூறின் இடத்தில் ஏன் மூன்று என்று விளக்க வேண்டிய தேவையே அங்கே எழவில்லை. அதன்பிறகுதான் கரும்பலகையில் இனமாற்றம் செய்து கழிக்கும் முறை எழுதப்பட்டது. எழுதியது ஒவ்வொன்றும் மேசைமேல் நடந்த ஒன்றின் பதிவாக இருந்தது. செயலிகளும் இதே கட்டுகளைத் திரையில் படமாகக் காட்டுகின்றன. ஆனால் கட்டைத் தொட்டதும் அது தானாகவே பிரிந்துவிடுகிறது. பிரிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வரும் வேலையைக் குழந்தை செய்யவில்லை.

பின்னத்திலும் ஆசிரியருக்கே என் வாக்கு. 1/2 + 1/3 என்பதற்கு 2/5 என்று எழுதும் குழந்தையிடம் செயலி "பகுதிகளைச் சமமாக்கு" என்று முறையைச் சொல்கிறது. நல்ல ஆசிரியர் முறையைச் சொல்வதற்கு முன் வேறொன்றைக் கேட்கிறார்: "2/5 என்பது பாதியைவிடப் பெரிதா, சிறிதா? பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு பாதியைவிடக் குறையுமா?" விடை பொருத்தமானதா என்று தானே சோதித்துப் பார்க்கும் பழக்கம் அந்தக் கேள்வியில் விதைக்கப்படுகிறது. அந்தப் பழக்கம் வந்த குழந்தைக்குச் சிவப்புக் குறியும் பச்சைக் குறியும் படிப்படியாகத் தேவையற்றுப் போகின்றன.

எல்லா வகுப்பும் இப்படி நடப்பதில்லை என்பதையும் அதே நேர்மையோடு எழுத வேண்டும். "பக்கத்தில் கடன் வாங்கு, இதை அடி, அதற்கு மேல் ஒன்று போடு" என்று முறையை மட்டும் ஒப்புவிக்கும் வகுப்பில், ஆசிரியரும் விடையை மட்டுமே பார்க்கிறார். அதுவும் செயலியைவிடத் தாமதமாகப் பார்க்கிறார். கை தூக்கும் சில குழந்தைகளின் விடைகளைக் கேட்டுவிட்டு வகுப்பு முழுவதும் புரிந்துகொண்டதாக நகர்ந்துவிடும் பாடங்கள் ஏராளம். எல்லோர் முன்னிலையிலும் தவறாகச் சொல்லிக் கூச்சப்பட்ட குழந்தை அதன்பின் தன் ஐயங்களை மறைக்கக் கற்றுக்கொள்கிறது, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறது, புரிந்ததுபோல் தலையாட்டுகிறது. இந்தக் குழந்தைக்குச் செயலி பெரிய விடுதலை. அது எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை, முந்தைய வகுப்புப் பாடத்துக்குத் திரும்பிப் போனாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. கணக்கைக் கண்டு ஒதுங்கிய பிள்ளைகள் தனியாக ஒரு திரையின் முன் உட்கார்ந்து மெதுவாக நம்பிக்கை பெறுவதைப் பார்த்தவர்கள், இயந்திரத்தின் இந்தப் பொறுமையைக் குறைத்து மதிப்பிட மாட்டார்கள்.

பெரிய அளவில் நடந்த ஆய்வுகள் எதைக் காட்டுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். ஏனெனில் விற்பவர்கள் அவற்றில் தங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் எடுத்துச் சொல்கிறார்கள். வதோதராவில் நான்காம் வகுப்புக் குழந்தைகள் வாரம் 2 மணிநேரம், ஒரு கணினிக்கு இருவராக உட்கார்ந்து கணக்கு விளையாட்டுகளில் பயிற்சி பெற்ற திட்டத்தை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் கணக்கு மதிப்பெண் 0.35 திட்ட விலக்கமும், இரண்டாம் ஆண்டில் 0.47 திட்ட விலக்கமும் உயர்ந்தது. ஆனால் திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பயன் 0.10 அளவுக்குத் தேய்ந்திருந்தது. குஜராத்தில் லீ லிண்டன் செய்த வேறோர் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. பள்ளிநேரம் தவிர்த்துக் கூடுதலாகக் கணினிப் பயிற்சி பெற்றவர்கள் 0.28 திட்ட விலக்கம் முன்னேறினார்கள். வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாகக் கணினியில் உட்காரவைக்கப்பட்டவர்கள் 0.57 திட்ட விலக்கம் பின்தங்கினார்கள். ஒரே மென்பொருள், ஒரே வகைப் பள்ளிகள். வைக்கப்பட்ட இடம் மட்டும் வேறு. பள்ளி நிர்வாகத்தினர் மற்ற எதைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு முடிவைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

தில்லியில் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் கார்த்திக் முரளிதரன் குழுவினர் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு, செயலிகளுக்கு ஆதரவாக மிகுதியாகச் சொல்லப்படுவது. நாலரை மாதத்தில் கணக்கில் 0.37 திட்ட விலக்க முன்னேற்றம் என்பது பாராட்டத்தக்க விளைவுதான். அதற்கு முதன்மையான காரணமாக ஆய்வாளர்கள் சுட்டுவது, மாணவர் எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பாராமல், அவர் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறாரோ அங்கிருந்தே மென்பொருள் தொடங்கியது என்பதைத்தான். ஒரே வகுப்பறையில் பல வகுப்பு இடைவெளியுள்ள மாணவர்கள் இருக்கும்போது ஒற்றை ஆசிரியர் ஒற்றைப் பாடத்தால் அத்தனை பேரையும் எட்ட இயலாது. ஆனால் அந்த மையங்களில் ஒவ்வொரு நாளும் 90 நிமிடங்களில் 45 நிமிடம் கணினியிலும், மீதி 45 நிமிடம் சிறு குழுவாக ஒரு பயிற்றுநருடனும் கழிந்தது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. மற்றொரு பக்கம், அமெரிக்கக் கல்வித் துறைக்காக நடத்தப்பட்டு 2007-இல் வெளியான பெரிய ஆய்வில், வகுப்பறைகளில் கணக்கு மென்பொருள்களைச் சேர்த்ததால் தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதும் காணப்படவில்லை.

மதிப்பெண்ணாகச் சொல்ல வேண்டுமானால் என் தீர்ப்பு இது. வாய்பாடு, எளிய கூட்டல் கழித்தல் மனக்கணக்கு, ஏற்கெனவே புரிந்த முறையில் வேகம் பெறுதல் ஆகியவற்றில் செயலிக்கு ஐந்துக்கு நாலரையும், ஆசிரியர் வகுப்புக்கு மூன்றும் தருவேன். இடமதிப்பு, இனமாற்றம், வகுத்தலின் பொருள், பின்னம் ஆகியவற்றில் விடையை மட்டும் பார்க்கும் செயலிக்கு ஒன்றரை, படிகளைப் பார்க்கும் செயலிக்கு மூன்றரை, கேள்வி கேட்கத் தெரிந்த ஆசிரியருக்கு ஐந்து. கதைபோல் சொல்லப்படும் கணக்குகளில் கூட்டுவதா பெருக்குவதா என்று குழந்தை வாய்விட்டுப் பேசிப் பார்க்க வேண்டியிருப்பதால் அங்கும் ஆசிரியரே முன்னால் நிற்கிறார். பல வகுப்புகள் பின்தங்கிவிட்ட குழந்தைக்கு, பள்ளிநேரத்துக்கு வெளியே, அதன் உண்மையான நிலையிலிருந்து தொடங்கும் செயலியையும், வாரத்தில் சில முறையேனும் அருகில் உட்கார்ந்து நோட்டைப் பார்க்கும் ஒருவரையும் சேர்த்தே பரிந்துரைப்பேன். இரண்டில் ஒன்றை மட்டும் பரிந்துரைக்க மாட்டேன்.

பணம் கட்டுவதற்கு முன் யாரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. செயலியின் இலவசப் பகுதியில் கழித்தல் பாடத்தைத் திறந்து, நடுவில் பூச்சியம் வரும் மூன்றிலக்க எண் ஒன்றிலிருந்து கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லும் கணக்கு வரும்வரை செல்லுங்கள். முதலில் ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து விடையெழுதுங்கள். அடுத்த கணக்கில் பூச்சியத்தை ஒன்பதாக்கிவிட்டு நூறின் இடத்தைக் குறைக்காமல் விடுங்கள். இரண்டு தவறுகளுக்கும் செயலி சொல்வது எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், அதைப் பயிற்சிக் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கற்பிக்கும் கருவி என்று நம்ப வேண்டாம். வேறுவேறாக இருந்தால், மேற்கொண்டு பார்க்கத் தகுந்த செயலி கிடைத்திருக்கிறது. ஆசிரியர் நடத்தும் வகுப்பைத் தேர்வு செய்பவர்கள், அங்கே படிக்கும் ஒரு குழந்தையின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தவறான கணக்குகளின் மீது குறுக்குக்கோடு மட்டும் இருக்கிறதா, எந்தப் படியில் பிசகியது என்று வட்டமிட்டிருக்கிறதா, அதன் பக்கத்தில் ஒரு கேள்வியாவது எழுதப்பட்டிருக்கிறதா என்பதைக் கவனியுங்கள்.

செயலி உருவாக்குபவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இப்போது நீங்கள் அனுப்பும் அறிக்கைகளில் செலவிட்ட நிமிடங்களும், முடித்த அலகுகளும், சரியான விடைகளின் விழுக்காடும் இருக்கின்றன. கழித்தலில் 70 விழுக்காடு என்ற எண்ணைக் கொண்டு ஓர் ஆசிரியரால் மறுநாள் காலை எதுவும் செய்ய முடியாது. குழந்தை தவறாக எழுதிய கணக்குகளையும், அதன் படிகளையும் அது எழுதியபடியே வரிசையாகக் காட்டுங்கள். ஒரே விதியால் வந்த தவறுகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. நாற்பது நோட்டுகளைத் திருத்தச் செலவாகும் நேரத்தில், எந்த ஐந்து குழந்தைகளுக்கு நாளை குச்சிக் கட்டுகளை எடுக்க வேண்டும் என்று ஆசிரியர் முடிவு செய்துவிடுவார். அப்படி ஓர் அறிக்கையைத் தரும் செயலியின் படங்கள் எவ்வளவு எளியவையாக இருந்தாலும், அதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.